ராக்கெட் ஏறி இறங்குவதற்குள் பூமி நகர்ந்துவிடுமா? சுழற்சிக் கணக்கில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

நிலநடுக்கோட்டில் பூமி நொடிக்குச் சுமார் 465 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. இதைக் கேட்டதும் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும்: செங்குத்தாக மேலே போன ராக்கெட் ஐந்து நிமிடம் கழித்து இறங்கினால், ஏவுதளம் அதற்குள் ராக்கெட்டை விட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருக்காதா?

போயிருக்காது. ஏவுமேடையில் நிற்கும்போதே ராக்கெட்டும் அதே 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது. மேலே கிளம்பியதும் அந்த வேகத்தை யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை. நிலைமம் என்பது இதுதான். சுற்றியுள்ள காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால், அதுவும் ராக்கெட்டைப் பின்னுக்குத் தள்ளாது.

அப்படியானால் சுழற்சியை மறந்தே விடலாமா என்றால், அது இன்னொரு தவறு. காற்று இல்லை என்று வைத்துக்கொண்டு, நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பொருளை 100 கிமீ உயரத்துக்குச் செங்குத்தாக எறிவோம். அது திரும்பி வர ஏறக்குறைய 4 நிமிடம் 45 நொடி ஆகும். அதற்குள் தரை 133 கிமீ நகர்ந்திருக்கும். ஆனால் பொருள் விழும் இடம், எறிந்த இடத்திலிருந்து சுமார் 2.8 கிமீ மேற்கேதான். அந்த 2.8 எங்கிருந்து வந்தது? 100 கிமீ உயரத்தில் சுற்ற வேண்டிய வட்டம் பெரியது. கீழே உள்ள இடத்துக்கு நேர் மேலேயே இருக்க நொடிக்கு 7 மீட்டர் கூடுதல் வேகம் வேண்டும். ஆனால் கோண உந்தம் (நிறை, பக்கவாட்டு வேகம், பூமி மையத்திலிருந்து உள்ள தூரம் ஆகியவற்றின் பெருக்கல்) மாறாமல் இருக்க வேண்டுமே! அதனால் பொருளின் பக்கவாட்டு வேகம் அதே 7 மீட்டர் அளவுக்குக் குறைகிறது. இரண்டும் சேர்ந்து உச்சியில் நொடிக்குச் சுமார் 15 மீட்டர் பின்தங்கல். கோரியோலிஸ் விளைவு என்று சொல்வது இதைத்தான். 133 கிமீயோடு ஒப்பிட்டால் 2.8 கிமீ ஒன்றுமே இல்லை. ஆனால் சுமார் 90 மீட்டர் நீளமுள்ள மிதவைக் கப்பலில் பூஸ்டரை, அதாவது ராக்கெட்டின் கீழ்ப்பகுதியான முதல் நிலையை, இறக்குபவருக்கு அது பெரிய விஷயம்.

சொந்தமாக சிமுலேஷன் எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் வேறு. பூமியோடு சுழலும் குறிப்பாயத்திலிருந்து (இடத்தையும் வேகத்தையும் எதைப் பொறுத்து அளக்கிறோமோ அது) கணக்கிடலாம், சுழலாத குறிப்பாயத்திலிருந்தும் கணக்கிடலாம். இரண்டிலும் சரியான விடை வரும். பாதி இதிலும் பாதி அதிலும் போட்டால்தான் வம்பு. சுழலாத குறிப்பாயத்தை எடுத்துக்கொண்டு தொடக்க வேகம் பூஜ்ஜியம் என்று எழுதினால், அமெரிக்காவின் கேப் கனாவரல் ஏவுதளத்தில் இருக்கும் ராக்கெட்டிடமிருந்து நொடிக்கு 408 மீட்டரை வாயைத் திறக்காமல் திருடிவிட்டீர்கள். சரி, அதைத் திருத்தியாயிற்று. அப்புறம் அதே வேகத்தை அப்படியே காற்றுத்தடைச் சூத்திரத்தில் போட்டால் இன்னும் வேடிக்கை: மேடையில் அசையாமல் நிற்கும் ராக்கெட்டின் மீது ஒலியைவிட வேகமான புயல் அடிப்பதாக நிரல் நினைத்துக்கொள்ளும். காற்றுத்தடைக்குத் தேவை காற்றைப் பொறுத்த வேகம். பூமியின் சுழற்சியால் வரும் பங்கை அதிலிருந்து கழித்தே ஆக வேண்டும். ராக்கெட் ஏவும் நேரலைத் திரையில் ஓடும் வேகம் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறதே, அது தரையைப் பொறுத்த வேகம். அதை எடுத்துச் சுழலாத கணக்கில் நேரடியாகப் போடுவதும் இதே வகைத் தவறுதான்.

பூஸ்டர் பிரிந்த உடனே கீழே விழத் தொடங்கும் என்ற நினைப்பும் பரவலாக உண்டு. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் நிலை சுமார் 65–70 கிமீ உயரத்தில் பிரிகிறது. இன்ஜின் அணைந்த பிறகும் அது நிலைமத்தால் ஏறிக்கொண்டே போகும்; கப்பலில் இறங்கும் பயணங்களில் 100 கிமீயைத் தாண்டிவிடும். ஏவிய இடத்துக்கே திரும்ப வேண்டுமானால் வாலை முன்னே திருப்பினால் மட்டும் போதாது, திரும்பிய பிறகும் அது பழைய திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். மூன்று இன்ஜின்களை மீண்டும் எரித்து, கிடைமட்ட வேகத்தை முதலில் பூஜ்ஜியமாக்கி, பிறகு எதிர்த்திசையில் வேகம் சேர்க்க வேண்டும். பூமி கிழக்கே சுழல்வதால் ஏவுதளம் தானாகப் பக்கத்தில் வந்து நிற்கும் என்பதெல்லாம் கிடையாது. இதற்கெல்லாம் எரிபொருள் வேண்டுமே! அதனால்தான் சுமை அதிகமுள்ள பயணங்களில் கடலில் பல நூறு கிமீ தள்ளிக் கப்பலை நிறுத்துகிறார்கள்.

பூமியின் சுழற்சி எப்போதும் லாபம் என்பதும் அரைகுறை உண்மை. கிழக்கே ஏவினால் பிரெஞ்சு கயானாவின் கூரூவில் நொடிக்கு 463, ஸ்ரீஹரிகோட்டாவில் 452, கஜகஸ்தானின் பைக்கனூரில் ஏறக்குறைய 325 மீட்டர் வேகம் இலவசம். வட, தென் துருவங்களின் மேலாகச் செல்லும் துருவச் சுற்றுப்பாதைக்குப் போகிற ராக்கெட்டுக்கு அதே வேகம் வேண்டாத சுமை. அதைக் கழித்துத்தான் போக வேண்டும். கிழக்கே அண்டை நாடுகள் இருப்பதால் மத்தியதரைக் கடலின் மேல் மேற்கு நோக்கியே ஏவும் இஸ்ரேலின் ஷாவித் ராக்கெட்டுக்கோ முழு நஷ்டம்.

கடைசியாக ஒன்று. தரையிறங்கும் வீடியோவில் பூஸ்டர் பக்கவாட்டில் நகர்ந்து வருவதைப் பார்த்துவிட்டு அதையும் கோரியோலிஸ் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கடைசி இருபது நொடிகளில் அந்த விளைவு சில மீட்டர்தான். அந்த நகர்வு பெரும்பாலும் வேண்டுமென்றே செய்யப்படுவது: ஃபால்கன் 9 முதலில் தளத்தைக் குறிவைக்காமல் பக்கத்தில் உள்ள தண்ணீரைத்தான் குறிவைக்கும், எல்லாம் ஒழுங்காக இருந்தால் மட்டுமே தளத்தின் பக்கம் திரும்பும். 2018 டிசம்பரில் விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு ஏற்றிப்போன பயணத்தில் வழிநடத்தும் துடுப்புகளின் ஹைட்ராலிக் பம்ப் நின்றுபோனது. அந்த பூஸ்டர் தளத்துக்கு வராமல் கரையோரக் கடலில் இறங்கியது.