உள்ளுக்குள் அழைக்கப்படும் எஸ்க்யூஎல் ஃபங்ஷன், புரொசீஜர்கள்: தரவு அணுகல் குறிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் எடுக்கும் ஒரு கடைக்கு, ஐபிஎம்-இன் தரவுத்தளமான டிபி2-இல் கணக்கு நிரல் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோ பாலுக்கு டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவு) 35 சதவீதம் என்றால், 14 கிலோ உலர் ரப்பருக்குத்தான் பணம். இந்தத் தொகையைக் கணக்கிட்டு மதிப்பாகத் திருப்பித் தரும் ஃபங்ஷன் அன்றைய விலையை டேபிளிலிருந்து படிப்பதால், அதன் தரவு அணுகல் குறிப்பாக ‘ரீட்ஸ் எஸ்க்யூஎல் டேட்டா’ (தரவைப் படிக்கும், மாற்றாது) என்று எழுதியிருக்கிறோம். பிறகு, யாருக்கு எந்த விலை போடப்பட்டது என்பதைப் பதிந்துவைக்க, ‘மாடிஃபைஸ் எஸ்க்யூஎல் டேட்டா’ (தரவை மாற்றும்) என்று முறையாகக் குறித்த ஒரு புரொசீஜரை எழுதி, அதை அந்த ஃபங்ஷனுக்குள்ளிருந்தே அழைக்கிறோம். புரொசீஜர் தனியாக நன்றாக ஓடுகிறது. ஃபங்ஷனைத் திருத்தி உருவாக்கப் போனால் எஸ்க்யூஎல்0374என் என்ற பிழை வருகிறது.

அழைக்கப்படுவதன் குறிப்பு சரியாக இருந்தால் போதும் என்று நினைத்ததுதான் இங்கே நேர்ந்த தவறு. அழைப்பதன் குறிப்பே உச்சவரம்பு: ‘மாடிஃபைஸ்’ தன் நிலையிலும் கீழ் நிலைகளிலும் உள்ள எதையும் அழைக்கலாம், ‘ரீட்ஸ்’ தன் நிலையில் உள்ளதையும் ‘கன்டெய்ன்ஸ் எஸ்க்யூஎல்’ (எஸ்க்யூஎல் இருக்கும், ஆனால் தரவைப் படிக்கவோ மாற்றவோ செய்யாது) என்று குறித்ததையும் அழைக்கலாம், ‘கன்டெய்ன்ஸ்’ தன் நிலையைத் தாண்ட முடியாது. பால் வெட்ட மட்டும் குத்தகை எடுத்தவர் மரத்தை முறித்து விற்க இன்னொருவருக்கு அனுமதி கொடுக்க முடியாதல்லவா?

உருவாக்கும்போதே பிழை வருவது ஒருவகையில் நல்லதுதான். ஓடும் நேரத்தில் ஒரு வாக்கியத்தை உரையாகக் கொடுத்து இயக்கும் எக்ஸிக்யூட் இமீடியட் வழியாக அழைத்திருந்தால், அந்த வாக்கியம் என்னவென்று முன்கூட்டித் தெரியாததால், காலையில் பால் கேன்களோடு ஆட்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில்தான் எஸ்க்யூஎல்0577என் என்ற பிழை தலைகாட்டும்.

அவசரத்தில் ஃபங்ஷனையும் ‘மாடிஃபைஸ்’ ஆக்கிவிடுவது இதைவிடப் பெரிய தவறு என்பேன். டிபி2-இல் அப்படிக் குறித்த ஸ்கேலார் ஃபங்ஷனை (ஒரே ஒரு மதிப்பைத் தருவது), பிகின்–எண்ட் இடையே எழுதும் காம்பவுண்ட் வாக்கியத்துக்குள் ஒரு மாறிக்கு மதிப்பளிக்கும் இடத்தில், அதுவும் வலப்பக்கத்தில் தனியாகத்தான் பயன்படுத்த முடியும். அதனால் அதுவரை அதை செலக்ட்டில் வைத்து ஓடிக்கொண்டிருந்த அறிக்கைகள் எல்லாம் நின்றுபோகும். பதிவு எழுதும் வேலையை, இந்த ஃபங்ஷனை அழைத்துப் பணப் பட்டியல் போடும் வெளிப் புரொசீஜருக்கு மாற்றிவிட்டு, ஃபங்ஷனைப் படிப்பதோடு விட்டுவிடுவதே சரி.

குறிப்பை எழுதாமல் விடுவதிலும் சிக்கல் உண்டு. டிபி2-இல் எஸ்க்யூஎல் புரொசீஜருக்கு ‘மாடிஃபைஸ்’, ஃபங்ஷனுக்கு ‘ரீட்ஸ்’ என்று தானாக அமையும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இரண்டுக்கும் ‘கன்டெய்ன்ஸ்’. மைஎஸ்க்யூஎல் இந்தக் குறிப்பை வெறும் தகவலாகவே கொண்டு, மீறினாலும் தடுக்காது என்பதால், அங்கே வருடக்கணக்கில் ஓடிய நிரல் டிபி2-க்கு வந்ததும் தடுக்கி விழும். ஆனால் மைஎஸ்க்யூஎல்-இல் தரவு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் பைனரி லாக் இயங்கும்போது, ‘டிடர்மினிஸ்டிக்’ (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை), ‘நோ எஸ்க்யூஎல்’ (எஸ்க்யூஎல்லே இல்லை), ‘ரீட்ஸ் எஸ்க்யூஎல் டேட்டா’ ஆகிய மூன்றில் ஒன்றுகூட இல்லாத ஃபங்ஷனை உருவாக்கினால், இயல்பான அமைப்பில் 1418 என்ற பிழை வரும். அதைப் போக்க ‘டிடர்மினிஸ்டிக்’ என்று ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. நாளுக்கு நாள் மாறும் ரப்பர் விலையைப் படிக்கும் ஃபங்ஷனுக்கு அது பொய்க் குறிப்பு, அங்கே எழுத வேண்டியது ‘ரீட்ஸ் எஸ்க்யூஎல் டேட்டா’.