குளிக்கும் சோப்பை வீட்டில் போடுங்கள், துணி சோப்பைக் கடையில் வாங்குங்கள்

எங்கள் வீட்டில் குளிக்கும் சோப்பு நான் போடுவது. துணிக்கும் பாத்திரத்துக்கும் கடையில் வாங்குகிறோம். கேட்கிறவர்கள் பலரும் இது தலைகீழாக இருக்கும் என்றுதான் நினைக்கிறார்கள். துணி சோப்பு முரட்டுச் சாமான், அதை எப்படியாவது வீட்டில் செய்துவிடலாம், உடம்பில் போடுவதைக் கம்பெனிக்காரன்தான் ஒழுங்காகச் செய்வான் என்பது அவர்கள் கணக்கு.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கடுங்காரமான காஸ்டிக் சோடா, சோடா உப்பு, காரமா அமிலமா என்று அளந்து காட்டும் பிஹெச் தாள் எல்லாம் அன்றாடம் புழங்கும் சாமான்கள். வீடு காங்கேயத்தில். தம்பி கொப்பரைக் களம் வைத்திருக்கிறான், எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அதனால் சோப்பில் கை வைத்தேன்.

எதை வீட்டில் செய்யலாம் என்று முடிவெடுக்க நான் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வேன். ஆலையில் செய்யும்போது எனக்கு வேண்டிய எதையாவது எடுத்துவிடுகிறார்களா? நான் செய்தது சரியாக வந்திருக்கிறதா என்று வீட்டில் இருந்தபடியே சோதிக்க முடியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் செய்வேன். ஒன்று இடித்தாலும் கடைக்குப் போய்விடுவேன்.

குளிக்கும் சோப்பு இரண்டிலும் தேறுகிறது. எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்தால் சோப்போடு கிளிசரினும் உண்டாகும். 120 கிராம் காஸ்டிக் முழுதாக வினைபுரிந்தால் 92 கிராம் கிளிசரின். தோலின் ஈரம் காயாமல் பிடித்துவைப்பது அதுதான். பெரிய ஆலைகள் பெரும்பாலும் அதைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்றுவிடுகின்றன. மருந்துக்கும் க்ரீமுக்கும் நல்ல விலை போகும் சரக்கு. மீதியைச் சோப்பு நூடுல்ஸ் என்று சிறு துண்டுகளாக்கி, மணமும் நிறமும் சேர்த்து, உருளைகளில் அரைத்துக் கட்டியாக அழுத்துகிறார்கள். வீட்டுச் சோப்பில் கிளிசரின் அப்படியே உள்ளே இருக்கும். சோதிப்பதும் சுலபம், பிஹெச் தாள் போதும்.

துணி சோப்பு முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். எங்கள் பக்கத்து போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. சோப்பு எதுவானாலும் அந்தத் தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து திரிந்துபோகும். அந்தத் திரிந்த கசடுதான் துணியில் படிந்து வெள்ளையைச் சாம்பலாக்குகிறது. டிடர்ஜென்ட் பவுடரில் இருப்பது சோப்பே இல்லை. அது அவ்வளவாகத் திரியாது, தண்ணீரின் கடுமையை அடக்கும் உப்புகளும் அதில் சேர்ந்திருக்கும். இங்கே ஆலை எதையும் எடுக்கவில்லை, எனக்கு வேண்டியதைச் சேர்த்திருக்கிறது. அதை ஏன் நான் அடுப்படியில் கிண்டவேண்டும்?

சன்ஸ்க்ரீனும் இப்படித்தான், ஆனால் அது விழுவது இரண்டாவது கேள்வியில். துத்தநாக ஆக்சைடுப் பொடியை எண்ணெயில் குழைத்தால் ஆச்சு என்று வீடியோ போடுகிறார்கள். அது வெயிலை எவ்வளவு தடுக்கிறது என்று வீட்டில் எதை வைத்துப் பார்ப்பது? சீயக்காய் அரைப்பது, சாம்பார்ப் பொடி திரிப்பது இதற்கெல்லாம் கேள்வியே வேண்டாம், செய்யுங்கள்.

செய்யத் தெரிந்தாலும் தொடக் கூடாதவை என்று ஒரு வரிசை இருக்கிறது. பிரிட்டனில் 1963இல் வீட்டு பீருக்கான உரிமக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அமெரிக்காவில் 1978இல் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு வீட்டில் குடிக்க பீர் காய்ச்சுவது பெரிய பொழுதுபோக்காகவே வளர்ந்துவிட்டது. இங்கே 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் காய்ச்சினால் அது குற்றம், சொந்தக் குடிக்குத்தான் என்று சொன்னாலும் எடுபடாது. நாட்டுத் துப்பாக்கிக்கு 1959ஆம் வருட ஆயுதச் சட்டம். சட்டத்தை விடுங்கள், துப்பாக்கிக் குழாய் அழுத்தத்தைத் தாங்குமா என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் என் இரண்டாவது கேள்வியில் அது எப்போதோ விழுந்துவிட்டது.

சரி, சோப்புக்கு வருவோம். முதலில் காசு. 2025இல் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டிய பிறகு, வீட்டுச் சோப்பு மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீழே சொல்லும் அளவில் 100 கிராம் கட்டி பன்னிரண்டு வரும். அந்த விலைக்கு எண்ணெய்ச் செலவை மட்டும் வகுத்தாலே கட்டிக்கு முப்பது ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்கும். அதே விலையில் கடையில் நல்ல சோப்பே கிடைக்கும். உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், சோப்பில் மொத்தக் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்று அது சொல்லும். 76 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். ‘பேத்திங் பார்’ என்று போட்டிருந்தால் அது இந்தத் தரக் கணக்கிலேயே வராது. "ஏங்கண்ணு, முப்பது ரூவாய்க்குக் கடையில கிடைக்கறதுக்கு இத்தனை பாடா?" என்று என் மாமியார் கேட்டது நியாயமான கேள்விதான். பனிக்காலத்தில் அவருக்குக் கால் வெடிப்பும் அரிப்பும் வரும். இந்தச் சோப்புக்கு மாறிய பிறகு அந்தக் கேள்வியை அவர் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் எல்லார் தோலுக்கும் இது ஒத்துக்கொள்ளும் என்று என்னால் எழுதித் தர முடியாது.

அளவுகள்: தேங்காய் எண்ணெய் 600 கிராம், கடலை எண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம், காஸ்டிக் சோடா 152 கிராம், ஆர்.ஓ. தண்ணீர் அல்லது மழைத் தண்ணீர் 304 கிராம்.

இந்த 152 எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கிண்ணத்தைத் தொடாதீர்கள். ஒரு கிராம் எண்ணெயைச் சோப்பாக்க எவ்வளவு காஸ்டிக் வேண்டும் என்று ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு எண் உண்டு. தேங்காய் 0.183, கடலை 0.137, விளக்கெண்ணெய் 0.128. நம் அளவுக்குப் பெருக்கினால் 109.8, 41.1, 12.8, மொத்தம் 163.7 கிராம். அவ்வளவையும் போட்டால் எண்ணெய் முழுக்கச் சோப்பாகிவிடும், கொஞ்சம் கூடினாலும் தோலைக் கடிக்கும். அதனால் 7 சதவீதத்தைக் குறைத்து 152 போடுகிறோம். கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மீந்துநிற்கும். பாதுகாப்புக்கும் அதுதான், குளித்தபின் தோல் இழுக்காமல் இருப்பதற்கும் அதுதான்.

தராசு ஒரு கிராம் வரை காட்ட வேண்டும். டம்ளர், கரண்டிக் கணக்கு இங்கே ஆகாது. லிட்டரைக் கிலோ என்று நினைப்பவர்களும் உண்டு. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம்தான். ஒரு லிட்டரை ஒரு கிலோவாக நினைத்துக் காஸ்டிக் போட்டால் நாம் விட்டுவைத்த 7 சதவீதம் அங்கேயே கரைந்துபோய், சோப்பில் காஸ்டிக் மீந்துவிடும். எல்லாவற்றையும் எடைபோடுங்கள், தண்ணீர் உட்பட.

எண்ணெயை மாற்றலாமா என்றால், மாற்றலாம், ஒவ்வொரு முறையும் கணக்கைத் திரும்பப் போட்டால். தேங்காய் எண்ணெய்தான் நுரைக்கும் கட்டியின் உறுதிக்கும் காரணம். உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும், எங்கள் ஊர்த் தண்ணீருக்கு வேறு வழியும் கிடையாது. ஆனால் முழுக்கத் தேங்காய் என்றால் தோலை வறட்டும், அதற்குத்தான் கடலை எண்ணெய். விளக்கெண்ணெய் நுரையை நிற்கவைக்கும். பத்தில் ஒரு பங்கு போதும், கூடினால் சோப்பு கொழகொழக்கும்.

காஸ்டிக்கை ரசாயனக் கடையில் செதிலாக வாங்குங்கள். பட்டறைக்கு வரும் மூட்டையிலிருந்து நான் எடுப்பதில்லை. திறந்து கிடந்த காஸ்டிக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வீரியம் குறைந்திருக்கும், கணக்கு தப்பும். வாங்கும்போது தனித்தனியாக உதிர வேண்டும், கட்டி தட்டியிருந்தால் வேண்டாம்.

பாத்திரம் எவர்சில்வர், அல்லது அடியில் 5 என்று முக்கோணம் போட்ட கெட்டி பிளாஸ்டிக். அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். சோப்புக்கு எடுத்த பாத்திரம் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, பக்கமும் மூடிய கண்ணாடி மூன்றும் கட்டாயம். குழந்தைகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பாருங்கள். காஸ்டிக் கையில் பட்டால் குழாயைத் திறந்து நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். வினிகர், எலுமிச்சை என்று எதையும் தேய்க்காதீர்கள், சூடு கிளம்பிப் புண்ணாகும். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும் தண்ணீரில் கண்ணைத் திறந்து கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

இனி வேலை. வாசல் திண்ணையிலோ மொட்டை மாடி நிழலிலோ காற்றோட்டமாக உட்காருங்கள். தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். அடுப்பில்லாமலேயே 80, 90 டிகிரி வரை சூடேறும், ஆவி கிளம்பும், முகத்தைத் தள்ளி வையுங்கள். கலங்கல் போய்த் தெளிந்ததும் ஆற விடுங்கள்.

எண்ணெயைத் தனியாகக் கலந்து வையுங்கள். தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மார்கழிக் காலையில் எங்கள் ஊரிலேயே கட்டியாகத்தான் இருக்கும், இளஞ்சூட்டில் உருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் 40 டிகிரி சுற்றுவட்டத்துக்கு வந்ததும் காஸ்டிக் தண்ணீரை எண்ணெயில் மெதுவாக ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் கலக்குங்கள். சில நொடி ஓட்டி, நிறுத்தி, வெறுமனே கிண்டி, திரும்ப ஓட்ட வேண்டும். விடாமல் ஓட்டினால் பாத்திரத்திலேயே இறுகிவிடும். கையால் மட்டும் கிண்டினால் ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கும்.

மோர்க்குழம்புப் பதம் வந்ததும் நிறுத்துங்கள். பிளெண்டரைத் தூக்கிச் சொட்டவிட்டால் விழுந்த கோடு மேலே ஒரு கணம் நிற்கவேண்டும். மேலே எண்ணெய் வளையம் தெரிந்தால் இன்னும் கலக்கவேண்டும்.

மணம் வேண்டுமானால் இந்த இடத்தில் எலுமிச்சைப்புல் எண்ணெய் 20 கிராம் சேர்க்கலாம். கிராம்பு எண்ணெய் வேண்டாம், கலவையை நொடியில் இறுக்கும், சிலருக்கு எரியும். மஞ்சள்தூளைப் பலரும் ஆசையாகக் கேட்கிறார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதுவேதான் இங்கும் நடக்கும். பாத்திரத்தில் செங்கல் நிறம் காட்டிவிட்டு, காய்ந்தபின் மங்கலான ஆரஞ்சில் வந்து நிற்கும். வேப்பிலை, குப்பைமேனி, ரோஜா இதழ் எல்லாம் நாளானால் பழுப்புதான். பச்சையாகப் போட்டால் கெட்டும் போகும். எனக்கு வெறும் சோப்பே போதும்.

பட்டர் பேப்பர் விரித்த மரப்பெட்டியிலோ சிலிகான் அச்சிலோ ஊற்றி மூடிவையுங்கள். தேங்காய் எண்ணெய் அதிகம் என்பதால் சீக்கிரம் இறுகும். பெட்டியில் ஊற்றியதை ஒரு நாளுக்குள் துண்டு போட்டுவிட வேண்டும், தள்ளிப்போட்டால் கத்தி வைத்த இடத்தில் உதிரும். கையுறை அப்போதும் வேண்டும், காஸ்டிக் இன்னும் முழுக்க அடங்கியிருக்காது.

அப்புறம் நான்கு வாரம் காத்திருப்பு. வெயில் படாத, காற்றோடும் அலமாரியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, வாரத்துக்கு ஒருமுறை திருப்பிவிடுங்கள். சோப்பாவது முதல் சில நாட்களிலேயே ஏறக்குறைய முடிந்துவிடும். மீதி நாள் தண்ணீர் வற்றிக் கட்டி இறுகுவதற்கு. பொறுக்காமல் எடுத்தால் குளியலறையில் கரைந்தோடும்.

பயன்படுத்தும் முன் பிஹெச் தாள். ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து நுரைத்து, அதில் தாளை வையுங்கள். 9 முதல் 10 வரை காட்டினால் சரி, சோப்பு என்றால் அவ்வளவு இருக்கும். 11ஐத் தாண்டினால் இன்னும் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் உடம்பில் போடவேண்டாம், கையுறையோடு தரை கழுவ வைத்துக்கொள்ளலாம். வெட்டும்போதே உள்ளே வெள்ளைக் கட்டிகளோ நீர் கோத்த குழிகளோ தெரிந்தால் தாளே வேண்டாம், அந்தச் சோப்பைத் தூக்கிப் போடுங்கள். மாதங்கள் கழித்து மேலே ஆரஞ்சுப் புள்ளி வந்து எண்ணெய்ச் சிக்கு அடித்தால், மீந்த எண்ணெய் கெட்டுவிட்டது என்று அர்த்தம். பழைய எண்ணெயில் போட்டால் அது சீக்கிரம் வரும்.

‘காஸ்டிக் சேர்க்காத இயற்கைச் சோப்பு’ என்று விற்பவர்களைக் கேள்வி கேளுங்கள். காரம் இல்லாமல் எண்ணெய் சோப்பாகாது. சோப்பு பேஸை வாங்கி உருக்கி அச்சில் ஊற்றுவதைத்தான் பலர் கைவினைச் சோப்பு என்கிறார்கள். அதில் தப்பில்லை, குழந்தைகளோடு செய்யலாம், ஆனால் அந்த பேஸ் ஆலையில் செய்தது. பாதியை வாங்கி மீதியைச் செய்வதற்குப் பெயர் அலங்காரம்.

சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம். விற்க நினைத்தால் கதை வேறு, சோப்பு அழகுசாதனக் கணக்கில் வருகிறது, தயாரிப்பு உரிமம் வாங்கவேண்டும். மீந்த காஸ்டிக்கைச் சாக்கடையில் கொட்டாமல், இறுக்கி மூடும் கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே பெரிதாக எழுதி ஒட்டி, பூட்டும் அலமாரியில் வையுங்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் ஜாடி இவற்றில் மட்டும் வேண்டாம். உப்பு என்று நினைத்து யாராவது எடுத்துவிடுவார்கள்.