டிசிஎஸ் வேர்ல்டில் முதல் மாதம்: ஒரு மஸ்டாங், ஒரு ஓடுபாதை

போர் விமான சிமுலேட்டரை டவுன்லோட் செய்த அன்றே ஜெட்டில் ஏறி, ஏவுகணை விடப் பார்த்து, ஓடுபாதையிலேயே புரண்டு, ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் தவறு விமானத்தில் இருக்காது. தலைகீழாக அமைந்த த்ராட்டில் (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்), ஒரே வேலையைச் செய்யப் போட்டிபோடும் இரண்டு கருவிகள், நடுவில் நிற்காத ஜாய்ஸ்டிக் என்று எதையாவது கவனிக்காமல் விட்டிருப்பார்கள். அதனால் இந்த விளக்கத்தில் பாதி, விமானம் நகர்வதற்கு முன்பே நடக்கிறது. ஆயுதம் கடைசியில்தான் வரும்.

எதில் தொடங்குவது

ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனத்தின் டிசிஎஸ் வேர்ல்டு என்ற போர் விமான சிமுலேட்டரில் தொடங்குங்கள். அடிப்படைத் தொகுப்பு இலவசம். காகசஸ், மரியானாஸ் என்ற இரண்டு நிலப்பரப்புகளும் இரண்டு விமானங்களும் அதோடு வருகின்றன. ஒன்று டிஎஃப்-51டி, இரண்டாம் உலகப் போர்க்கால பி-51 மஸ்டாங்கின் ஆயுதமில்லாத வடிவம். காக்பிட்டில் உள்ள சுவிட்சுகளை மவுஸால் தட்டி இயக்கலாம். மற்றது சு-25டி என்ற ரஷ்யத் தாக்குதல் ஜெட். ஆயுதம் உண்டு, ஆனால் அதன் காக்பிட்டில் எதையும் தட்ட முடியாது. எல்லாம் கீபோர்டு வழியாகத்தான்.

ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ், ஃபால்கன் பிஎம்எஸ் என்ற மற்ற இரண்டு சிமுலேட்டர்களும் அருமையானவைதான். முன்னதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பின்னது இலவசம் என்றாலும், 1998இல் வெளிவந்த ஃபால்கன் 4.0 உங்களிடம் இருந்தால்தான் நிறுவ முடியும். முதல் மாதம் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் பழகுவதே நல்லது. பிடிக்குமா என்று தெரிந்த பிறகு செலவழிக்கலாம்.

படி 1: கணினி

மெமரி 16 ஜிபி இருந்தால் தொடங்கலாம். 32 ஜிபி இருந்தால் நிம்மதி. கண்டிப்பாக எஸ்எஸ்டியில் நிறுவுங்கள், குறைந்தது 200 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஹார்ட் டிஸ்கில் போட்டால், தாழப் பறக்கும்போது நிலப்பரப்பை ஏற்ற நேரமாகும். காட்சி விட்டு விட்டு நிற்கும். 16 ஜிபி மட்டும் உள்ளவர்கள் விண்டோஸின் பேஜ் ஃபைலை (மெமரி போதாதபோது அது பயன்படுத்தும் வட்டுப் பகுதி) எஸ்எஸ்டியிலேயே 32 ஜிபி அளவுக்கு வைத்தால் சிமுலேட்டர் நடுவில் மூடிக்கொள்வது குறையும்.

ஸ்டீமில் நிறுவுவதா, நிறுவனத்தின் தளத்திலிருந்து நேரடியாக நிறுவுவதா? நேரடியாக. ஸ்டீமில் வாங்கிய விமானத்தை நேரடிப் பதிப்புக்குக் கொண்டுபோகலாம், இங்கே வாங்கியதை ஸ்டீமுக்குக் கொண்டுபோக முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் கட்டண விமானங்களை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கும் வசதிக்காகவே நேரடிப் பதிப்பு மேல்.

ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் வருகின்றன என்பது) பார்க்க வலது கண்ட்ரோலோடு பாஸ் கீயை அழுத்துங்கள். குறைவாக இருந்தால் முதலில் நிழல்களைக் குறையுங்கள், அடுத்து எம்எஸ்ஏஏ (விளிம்புகளை மென்மையாக்கும் அமைப்பு), அதன்பின் கண்ணாடிப் பிரதிபலிப்பு. காக்பிட் டெக்ஸ்சரில் மட்டும் கை வைக்காதீர்கள், அளவுமானிகளின் எண்கள் படிக்க முடியாமல் போய்விடும்.

படி 2: ஜாய்ஸ்டிக்கும் ஆக்ஸிஸ்களும்

கீபோர்டில் மஸ்டாங்கை ஓட்ட முடியாது. கைப்பிடியைத் திருகினால் ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் துடுப்பு) இயங்குகிற, அடியில் சிறு த்ராட்டில் உள்ள ஒரு ஜாய்ஸ்டிக் போதும். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ அந்த வகை. சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தால் த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் எடுங்கள். அதன் முக்கிய அச்சுகளில் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் இருக்கிறது. சாதாரண பொட்டென்ஷியோமீட்டர் உராய்ந்து தேயும், நாளடைவில் துடிக்கும். ஹால் சென்சாரில் உராய்வே இல்லை.

ஜாய்ஸ்டிக் மேசையில் வழுக்கினால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. அடியில் ஒரு பிளைவுட் பலகையை ஒட்டி மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

இனி டிசிஎஸ்ஸின் கண்ட்ரோல்ஸ் பக்கம். மேலே இடப்புறப் பட்டியலில் டிஎஃப்-51டியைத் தேர்ந்தெடுத்து, ‘ஆக்ஸிஸ் கமாண்ட்ஸ்’ பிரிவுக்குப் போங்கள். செருகியுள்ள ஒவ்வொரு கருவிக்கும் டிசிஎஸ் தானாகவே பிட்ச் (மூக்கு மேலும் கீழும் அசைவது), ரோல் (பக்கவாட்டில் சாய்வது) எல்லாவற்றையும் ஒதுக்கிவிடும். தனி த்ராட்டிலோ பெடலோ இருந்தால் அதுவும் விமானத்தைச் சாய்க்கும்! ‘விமானம் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது’ என்று புதியவர்கள் புலம்புவதற்கு முதல் காரணம் இதுதான். ஒவ்வொரு கருவியின் பத்தியையும் மேலிருந்து கீழ் பார்த்து, வேண்டாததை அழித்துவிட்டு, இவற்றை மட்டும் வையுங்கள்: பிட்ச், ரோல், ரட்டர், த்ராட்டில், இரண்டு சக்கரங்களுக்கும் பிரேக்.

அடுத்து ‘ஆக்ஸிஸ் டியூன்’. பிட்ச், ரோல் இரண்டுக்கும் வளைவு (நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்குவது) 15 முதல் 20 வரை, டெட்ஸோன் (நடுவில் அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) 2 அல்லது 3. திருகும் ரட்டருக்கு டெட்ஸோன் 5. இல்லையென்றால் கையைச் சாய்க்கும்போதெல்லாம் ரட்டரும் அசையும். த்ராட்டிலை முன்னே தள்ளும்போது கட்டத்தில் அளவு குறைந்தால் ‘இன்வர்ட்’ டிக் செய்யுங்கள். பெடல் இருந்தால் அதன் பிரேக்குக்கும் இதே சோதனை. அது தலைகீழாக இருந்தால் பிரேக் முழுக்கப் பிடித்தபடியே நிற்கும். இன்ஜின் உறுமும், விமானம் நகராது.

இந்த அமைப்பு அந்த ஒரு விமானத்துக்கு மட்டும்தான். சு-25டிக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் காக்பிட்டில் உட்கார்ந்து வலது கண்ட்ரோலோடு என்டர் அழுத்துங்கள். திரையின் மூலையில் சிவப்புக் கோடுகளால் ஒரு சிறு கட்டம் தோன்றும். அதனுள் உள்ள குறி உங்கள் ஸ்டிக். கீழே நகர்வது ரட்டர், ஓரத்தில் ஏறி இறங்குவது த்ராட்டில். ஸ்டிக்கிலிருந்து கையை எடுங்கள். குறி நட்டநடுவில் அசையாமல் நிற்கிறதா? துடித்தால் டெட்ஸோனை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். ஒரேயடியாக விலகி நின்றால் விண்டோஸின் கேலிபரேஷனைத் திரும்பச் செய்யுங்கள். முதல் மாதம் முழுவதும் இந்தக் கட்டம் திரையில் இருக்கட்டும்.

படி 3: தலையைத் திருப்புவது

சண்டை விமானத்தில் பார்வைதான் உயிர். நேரே மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினால் தரையிறங்கும் வட்டத்தில் ஓடுபாதை எங்கே போனதென்றே தெரியாது. ஓபன்ட்ராக் என்ற இலவச மென்பொருளையும் ஒரு சாதாரண வெப்கேமையும் வைத்தே தலையசைவைப் பதிவு செய்யலாம். உள்ளீட்டில் ‘நியூரல்நெட் ட்ராக்கர்’, வெளியீட்டில் ‘ஃப்ரீட்ராக் 2.0 என்ஹான்ஸ்ட்’, ஃபில்டரில் ‘ஆக்செலா’ என்று தேர்ந்தெடுத்துத் தொடக்க பட்டனை அழுத்தினால் டிசிஎஸ் கண்டுகொள்ளும். முகத்தின் மேல் வெளிச்சம் விழ வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் பார்வை நடுங்கும். நடுப்பகுதியில் வளைவைத் தட்டையாக வைத்தால் அளவுமானியைப் படிக்கும்போது காட்சி ஆடாது.

படி 4: சொந்தமாக ஒரு பயிற்சிக் களம்

தயாராக உள்ள மிஷன்களைவிட நீங்களே இரண்டு நிமிடத்தில் செய்வது மேல். மிஷன் எடிட்டரில் காகசஸைத் திறந்து, ஜார்ஜியாவின் கருங்கடல் கரையில் உள்ள கோபுலெட்டி விமானதளத்தைக் கண்டுபிடியுங்கள். விமானக் குறியைத் தட்டி, நாடு அமெரிக்கா, வகை டிஎஃப்-51டி, திறன் ‘ப்ளேயர்’, தொடக்கம் ‘ஓடுபாதையிலிருந்து’ என்று வையுங்கள். எரிபொருள் 50 சதவீதம், காற்று பூஜ்யம், நேரம் காலை 10 மணி. இப்படித் தொடங்கினால் இன்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். இன்ஜினைக் கையால் கிளப்பும் வரிசையைப் பிறகு கற்கலாம். அதுவரை இடது விண்டோஸ் கீயோடு ஹோம் அழுத்தினால் தானாகவே கிளம்பும்.

சிறப்பு அமைப்புகள் பக்கத்தில் இந்த விமானத்துக்கு ‘ஆட்டோ ரட்டர்’, ‘டேக்-ஆஃப் அசிஸ்டன்ஸ்’ என்று இரண்டு உதவிகள் உண்டு. ஆட்டோ ரட்டரை முதல் நாளே அணைத்துவிடுங்கள். அசிஸ்டன்ஸை 50இல் வைத்து, வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆட்டோ ரட்டரோடு பழகிய கால் (திருகும் ஜாய்ஸ்டிக் என்றால் கை), பின்னால் பழகவே பழகாது.

படி 5: கிளம்புவது

மஸ்டாங்கின் ப்ரொப்பெல்லர் விமானி பார்வையில் கடிகார திசையில் சுழல்கிறது. வால் தரையில் இருக்கும்போது வலப்பக்கம் கீழிறங்கும் பிளேடு அதிகம் இழுக்கிறது. சுழன்று பின்னோக்கி வரும் காற்று வாலின் இடப்பக்கத்தில் மோதுகிறது. விளைவு, மூக்கு இடப்பக்கம் ஓடும். வாலைத் தூக்கும் நொடியில் ப்ரொப்பெல்லரின் கைரோ விளைவும் சேர்ந்து இன்னொரு முறை இடது பக்கமே தள்ளும். இரண்டு தடவை வரும் என்று தெரிந்தால் வலது கால் தயாராக இருக்கும்.

கிளம்பும் முன் ரட்டர் ட்ரிம்மை (ரட்டரை ஒரு பக்கம் தானாகச் சாய்த்து வைக்கும் சக்கரம்) வலப்பக்கம் 5 முதல் 6 பாகை வரை திருப்புங்கள். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு: மஸ்டாங்கின் ஸ்டிக் நடுவிலோ பின்னாலோ இருந்தால் வால் சக்கரம் பூட்டப்பட்டு, ரட்டரோடு சேர்ந்து இருபுறமும் 6 பாகை மட்டுமே திரும்பும். முன்னே தள்ளினால் பூட்டு விட்டு, தள்ளுவண்டிச் சக்கரம்போல் எந்தப் பக்கமும் சுழலும். ஓட்டத்தின் தொடக்கத்தில் ஸ்டிக்கை முன்னே தள்ளுகிறவர்கள் புல்வெளியில் போய் நிற்பது இதனால்தான்.

த்ராட்டிலை மெதுவாகத் தள்ளி, மேனிஃபோல்ட் அழுத்தம் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், அங்குலத்தில்) 40 அங்குலம் வந்ததும் விமானம் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் 50 வரை கொண்டுபோங்கள். கிளம்பும்போது உச்ச அளவு 61. முதல் வாரத்தில் அது தேவையில்லை. மணிக்கு 70–80 மைல் வேகத்தில் ஸ்டிக்கைத் தளர்த்தினால் வால் தானாக எழும். 110–120 மைலில் லேசாக இழுத்தால் தரையை விடும். 170 மைலைத் தாண்டும் முன் சக்கரங்களை மேலே எடுத்துவிடுங்கள்.

ஏறும்போது 46 அங்குலம், 2,700 ஆர்பிஎம் (நிமிடத்துக்கான இன்ஜின் சுழற்சி), வேகம் 170 மைல். குறைப்பதானால் முதலில் அழுத்தம், பிறகு ஆர்பிஎம். கூட்டுவதானால் முதலில் ஆர்பிஎம். முழு த்ராட்டிலில் செங்குத்தாக மெதுவாக ஏறினால் வயிற்றுக்கடியில் உள்ள ரேடியேட்டருக்குக் காற்று போதாது. கூலன்ட் வெப்பம் 121 பாகை செல்சியஸைத் தாண்டும், இன்ஜின் சீக்கிரமே நின்றுவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை அந்த முள்ளைப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

படி 6: நேராகப் பறப்பது

கேட்கச் சாதாரணமாக இருக்கும். நான்கைந்து நாள் பிடிக்கும். 5,000 அடியில் ட்ரிம் சக்கரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கையை விட்டாலும் விமானம் அப்படியே போகும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 30 பாகை சாய்த்துத் திருப்பங்கள். அளவுமானிப் பலகையில் வளைந்த குழாய்க்குள் ஒரு கருப்புக் குண்டு இருக்கும். அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கக் காலை மிதித்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பின்னாளில் சுடும்போது குண்டுகள் குறிக்குப் போவதும் போகாததும் இந்தக் குழாயில்தான் இருக்கிறது.

பின், 8,000 அடிக்கு ஏறி வேண்டுமென்றே ஸ்டால் ஆக (இறக்கை தூக்கும் விசையை இழக்க) விடுங்கள். ஒரு இறக்கை சட்டென்று விழும். ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளி நிமிர்த்த நினைப்பது இயல்பு, ஆனால் அது சுழலில் கொண்டுபோய் விடும். முதலில் ஸ்டிக்கைத் தளர்த்துங்கள், விழுந்த பக்கத்துக்கு எதிர் ரட்டர் கொடுங்கள், வேகம் திரும்பியதும் மெதுவாக இழுங்கள்.

படி 7: இறங்குவது

ஓடுபாதைக்கு இணையாக, தரையிலிருந்து 1,000 அடியில், 160 மைல் வேகத்தில் வாருங்கள். சக்கரம் இறக்குங்கள். ஃபிளாப்ஸை (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகைகள்) படிப்படியாக விரியுங்கள். முழு 50 பாகைக்கு வேகம் 165க்குக் கீழே இருக்க வேண்டும். நேரே திரும்பிய பிறகு 120 மைல். ஓடுபாதை விளிம்பைக் கடந்ததும் த்ராட்டிலை மூடி, ஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னிழுத்துக்கொண்டே இருந்தால் மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும். தொட்டதும் ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் பிடியுங்கள். வால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

துள்ளினால் மூக்கை அழுத்தாதீர்கள். இரண்டாவது துள்ளல் முதலாவதைவிடப் பெரிதாக இருக்கும், மூன்றாவதில் ப்ரொப்பெல்லர் தரையைத் தொடும். த்ராட்டிலை நிதானமாகக் கூட்டி மீண்டும் சுற்றி வாருங்கள். சடாரென்று முழுக்கத் தள்ளினால் குறைந்த வேகத்தில் இன்ஜினின் முறுக்கு விமானத்தையே இடப்பக்கம் புரட்டிவிடும். தொடர்ந்து பத்து முறை உடையாமல் இறங்கும் வரை இந்தப் படியிலேயே இருங்கள்.

படி 8: சு-25டியும் முதல் ஏவுகணையும்

வானிலிருந்தே தொடங்கும்படி ஒரு மிஷன் செய்து, 15 கிலோமீட்டர் முன்னால் இரண்டு லாரிகளை நிறுத்துங்கள். சுடாத இலக்குகள்தான் முதலில். எரிபொருள் பாதி போதும். இந்த விமானம் பாரம் ஏறினால் மிகவும் மந்தமாகிவிடும். இங்கே வேகம் கிலோமீட்டரில், உயரம் மீட்டரில் என்பதை மறக்காதீர்கள்.

தரை இலக்கு முறைக்கு 7 கீ. ஷ்க்வால் என்ற தொலைக்காட்சிக் கண்ணைத் திறக்க ஓ கீ. கமா, புள்ளி, அரைப்புள்ளி, சாய்கோடு கீகளால் கண்ணை லாரியின் மேல் நகர்த்தி என்டர் அழுத்தினால் பற்றிக்கொள்ளும். டி கீயால் விக்ர் ஏவுகணையைத் தேர்ந்தெடுத்து, வலது ஷிஃப்டோடு ஓ அழுத்தி லேசரை ஏற்றுங்கள். ஏவ அனுமதி வந்ததும் வலது ஆல்ட்டோடு ஸ்பேஸை அழுத்திப் பிடியுங்கள்.

விக்ர் லேசர் கதிரின் மேலேயே சவாரி செய்து போகிற ஏவுகணை. ஏவிய உடனே விமானத்தைத் திருப்பினால் ஷ்க்வாலின் பார்வையெல்லையை விட்டு இலக்கு நழுவும், கதிர் அறும், ஏவுகணை வழி தவறும். மோதும் வரை மூக்கு இலக்கை நோக்கியே இருக்கட்டும். வேலை முடிந்ததும் லேசரை அணையுங்கள். தொடர்ந்து எரிந்தால் சூடேறி, ஆறும் வரை மறுபடி இயங்காது.

லாரி கண்ணுக்குத் தெரியவில்லையா? இடது ஷிஃப்டோடு எஃப்10 அழுத்தினால் பெயர்ப்பட்டைகள் தோன்றும். இரண்டு நாள் அப்படிப் பழகிவிட்டு அணைத்துப் பாருங்கள். சாலையின் மேல் நிற்கும் ஒரு புள்ளியை வெறுங்கண்ணால் பிடிக்கும்போதுதான், படி 3இல் வெப்கேமோடு செலவழித்த நேரம் கணக்கில் வரும். அது கைகூடியபின் லாரிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஷில்கா விமான எதிர்ப்பு வண்டியை நிறுத்துங்கள். அதன் பீரங்கி எட்டும் தூரம் இரண்டரை கிலோமீட்டர் அளவுதான். விக்ர் அதைவிட வெகு தொலைவிலிருந்தே தாக்கும். எப்போது ஏவுவது, எப்போது திரும்புவது என்ற கணக்கை இனி நீங்களே போடலாம்.