பெயரோடு மாநிலத்தையும் பாருங்கள்: அமெரிக்காவின் தொடக்ககாலக் காங்கிரஸ் உறுப்பினர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க வரலாறு பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளையும் தேர்வுக் குறிப்புகளையும் திருத்திக் கொடுக்கும் வேலை எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. அவற்றில் தவறாமல் சிவப்பு மை விழும் இடம், 1774 முதல் 1789 வரை இயங்கிய, அமெரிக்கக் காலனிகளின் (பிறகு மாநிலங்களின்) பிரதிநிதிகள் சபையான கான்டினென்டல் காங்கிரஸின் உறுப்பினர் பட்டியல்தான். பெயர் சரியாக இருக்கும், மாநிலம் மாறியிருக்கும். மாநிலம் சரியாக இருந்தால் ஆண்டு பிசகியிருக்கும். சின்னப் பிழைதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. அந்தச் சபையில் வாக்கு மாநிலத்துக்கு உரியது. உறுப்பினருக்குத் தனி வாக்கு கிடையாது. ஏழு பேரை அனுப்பினாலும் மூன்று பேரை அனுப்பினாலும் ஒரு மாநிலத்துக்கு ஒரே வாக்குதான். மாநிலத்தைத் தவறாக எழுதினால் அந்த மனிதர் அங்கே செய்த வேலையே தவறாகப் பதிவாகிவிடுகிறது.

இதை மறந்துவிட்டுத் தலைகளை எண்ணுவதுதான் மிகப் பெரிய தவறு. "56 உறுப்பினர்களும் 1776 ஜூலை 4 அன்று வாக்களித்துக் கையெழுத்திட்டனர்" என்ற வாக்கியத்தை நான் எத்தனை முறை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. அதில் ஒரு சொல்கூட நிற்காது. விடுதலைத் தீர்மானம் நிறைவேறியது ஜூலை 2. விடுதலைப் பிரகடனத்தின் வாசகம் ஏற்கப்பட்டது ஜூலை 4. தோல் ஏட்டில் பெரும்பாலானவர்கள் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. வாக்களித்தவர்களும் கையெழுத்திட்டவர்களும் ஒரே ஆட்கள் அல்லர்.

டெலவேரையும் பென்சில்வேனியாவையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் இது தெளிவாகும். ஜூலை 1 அன்று முழுச் சபையும் ஒரு குழுவாக அமர்ந்து எடுத்த முன்னோட்ட வாக்கில் ஒன்பது காலனிகள் விடுதலைக்கு ஆதரவு. பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் எதிர்ப்பு. நியூ யார்க் பிரதிநிதிகளுக்கு ஊரிலிருந்து அனுமதி வரவில்லை என்பதால் அவர்கள் ஒதுங்கி நின்றார்கள். டெலவேரிலிருந்து வந்திருந்த இருவரில் தாமஸ் மெக்கீன் ஆதரவு, ஜார்ஜ் ரீட் எதிர்ப்பு. ஆகவே டெலவேரின் வாக்கு எந்தப் பக்கமும் சேரவில்லை. மூன்றாமவரான சீசர் ராட்னி சொந்த ஊரில் இருந்தார். மெக்கீன் ஆள் அனுப்பியதும், முகத்தில் புற்றுநோயும் ஆஸ்துமாவும் இருந்த அந்த மனிதர் இடியிலும் மழையிலும் இரவு முழுக்கச் சுமார் 80 மைல் குதிரையில் வந்து மறுநாள் சபைக்குள் நுழைந்தார். டெலவேர் இரண்டுக்கு ஒன்று என்று ஆதரவுப் பக்கம் சாய்ந்தது.

பென்சில்வேனியாவில் ஜான் டிக்கின்சனும் ராபர்ட் மோரிஸும் அன்று வாக்களிக்காமல் விலகிக்கொண்டார்கள். மீதி ஐவரில் பிராங்க்ளின், ஜேம்ஸ் வில்சன், ஜான் மார்ட்டன் மூவரும் ஆதரவு. தாமஸ் வில்லிங், சார்லஸ் ஹம்ப்ரீஸ் இருவரும் எதிர்ப்பு. மூன்றுக்கு இரண்டு. தென் கரோலினாவும் மனம் மாறியது. பன்னிரண்டு காலனிகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுமில்லை என்று ஏட்டில் ஏறியது. நியூ யார்க்கின் ஒப்புதல் ஜூலை 9 அன்றுதான் வந்தது.

இப்போது பிரகடனத்தில் பென்சில்வேனியாவின் கையெழுத்துகளை எண்ணுங்கள்: ஒன்பது. அவர்களில் ஜூலை 2 அன்று ஆதரித்து வாக்களித்தவர்கள் மூன்றே பேர். ராபர்ட் மோரிஸ் அன்று விலகியிருந்தவர். பெஞ்சமின் ரஷ், ஜார்ஜ் கிளைமர், ஜேம்ஸ் ஸ்மித், ஜார்ஜ் டெய்லர், ஜார்ஜ் ராஸ் ஆகிய ஐவரும் ஜூலை 20 அன்றுதான் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். எதிர்த்து வாக்களித்த டெலவேரின் ரீட் பிறகு கையெழுத்திட்டார். பிரகடனத்தை வரைய அமைக்கப்பட்ட ஐவர் குழுவில் இருந்த நியூ யார்க்கின் ராபர்ட் லிவிங்ஸ்டன் கையெழுத்திடவே இல்லை. ஆகவே "கையெழுத்திட்டவர்" என்பதை "வாக்களித்தவர்" என்று மாற்றி எழுதாதீர்கள்.

56 என்ற எண்ணிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1774 செப்டம்பரில் பிலடெல்பியாவின் கார்பென்டர்ஸ் ஹாலில் கூடிய முதல் காங்கிரஸுக்கு வந்தவர்களும் 56 பேர்; பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களும் 56 பேர். எண் ஒன்று என்பதால் இரண்டையும் ஒரே பட்டியலாக்கி விடுகிறார்கள். முதல் காங்கிரஸில் ஜார்ஜியா கலந்துகொள்ளவே இல்லை. அங்கே இருந்தவை பன்னிரண்டு காலனிகள்தாம். 1775 மேயில் இரண்டாம் காங்கிரஸ் கூடியபோதும் ஜார்ஜியாவிலிருந்து வந்தவர் லைமன் ஹால் ஒருவரே. அவரும் செயின்ட் ஜான்ஸ் என்ற ஒரு வட்டாரத்தின் சார்பில் வந்தவர் என்பதால் அவருக்கு உட்கார இடம் கிடைத்தது, வாக்கு கிடைக்கவில்லை.

ஏட்டை எப்படிப் படிப்பது

பிரகடனத்தின் தோல் ஏட்டில் மாநிலப் பெயர்கள் எழுதப்படவில்லை. இது பலருக்குத் தெரியாது. கையெழுத்துகள் வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கம் நோக்கி, வடக்கிலிருந்து தெற்கு என்ற வரிசையில் போகின்றன. வலது ஓரத்தில் மேலே நியூ ஹாம்ப்ஷயர், இடது ஓரத்தில் ஜார்ஜியா. நாம் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள்; ஆகவே முதலில் கண்ணில் படும் பட்டன் குவினெட்தான் முதலில் கையெழுத்திட்டவர் என்று நினைத்துவிடுகிறோம்.

மாத்யூ தார்ன்டன் என்ற பெயரைத் தேடுங்கள். வலது ஓர வரிசையின் அடியில், கனெக்டிகட்டின் நால்வருக்குக் கீழே இருக்கும். ஏட்டை மட்டும் நம்பினால் அவரைக் கனெக்டிகட்காரர் என்று எழுதிவிடுவோம். அவர் நியூ ஹாம்ப்ஷயரின் பிரதிநிதி. 1776 நவம்பரில்தான் வந்து கையெழுத்திட்டார். அதற்குள் தன் மாநிலத்தார் இருவரின் பெயர்களுக்குக் கீழே இடம் இல்லாமல் போயிருந்தது. கையெழுத்திட்டவர்களின் பெயர்களோடு பிரகடனம் முதன்முதலில் அச்சானது 1777 ஜனவரியில், பால்டிமோரில் மேரி கேத்தரின் காடர்டின் அச்சகத்தில். அந்த அச்சுப் பிரதியிலும் டெலவேரின் மெக்கீன் பெயர் இல்லை. பழைய ஆவணம் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டோம் என்பதற்காகப் பட்டியல் சரியாகிவிடாது.

பிறந்த ஊர் ஒன்று, பேசிய மாநிலம் வேறு

பிறந்த இடத்தை வைத்து மாநிலத்தை ஊகிப்பது இன்னொரு வழக்கமான சறுக்கல். பிராங்க்ளின் பாஸ்டனில் பிறந்தவர், பென்சில்வேனியாவின் பிரதிநிதி. ஜார்ஜியா சார்பில் கையெழுத்திட்ட மூவரில் ஒருவர்கூட ஜார்ஜியாவில் பிறக்கவில்லை: குவினெட் இங்கிலாந்து, ஹால் கனெக்டிகட், ஜார்ஜ் வால்டன் வர்ஜீனியா.

ஒருவருக்கு ஒரே மாநிலம்தான் என்று முடிவுகட்டுவது அதைவிட மோசம். டிக்கின்சன் 1776இல் பென்சில்வேனியாவின் பிரதிநிதியாக, மாநிலங்களை இணைத்த முதல் அரசியலமைப்பான கூட்டமைப்பு விதிகளின் முதல் வரைவை எழுதினார். 1779இல் அதே விதிகளில் டெலவேர் சார்பில் கையெழுத்திட்டார். பிறகு டெலவேர் மாநில நிர்வாகத் தலைவரானார். அந்தப் பதவி கையில் இருக்கும்போதே 1782 நவம்பரில் பென்சில்வேனியாவின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1787 அரசியலமைப்பில் அவர் பெயர் மறுபடியும் டெலவேரின் கீழ் இருக்கிறது; அவருக்காக அதை எழுதியவர் ரீட். மெக்கீன் பென்சில்வேனியாவின் தலைமை நீதிபதியாக இருந்துகொண்டே காங்கிரஸில் டெலவேருக்காக உட்கார்ந்தவர். இத்தகையவர்களின் பெயருக்குப் பக்கத்தில் மாநிலத்தோடு ஆண்டையும் சேர்த்து எழுதுவதுதான் ஒரே வழி.

பெயர் ஒற்றுமைக்கு மோரிஸ்களைச் சொல்லலாம். ராபர்ட் மோரிஸ் பென்சில்வேனியா. லூயிஸ் மோரிஸ் நியூ யார்க். லூயிஸின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி கூவர்னர் மோரிஸ், காங்கிரஸில் நியூ யார்க்கின் பிரதிநிதி. 1787 அரசியலமைப்பு மாநாட்டில் பென்சில்வேனியாவின் பிரதிநிதி. இவர் பெயரைப் பார்த்ததும் "ஆளுநர் மோரிஸ்" என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அது பதவி இல்லை, தாய்வழிக் குடும்பப் பெயரிலிருந்து வந்த இயற்பெயர். மேரிலாந்திலிருந்து சார்லஸ் கேரல் என்றே இருவர் காங்கிரஸுக்குப் போனார்கள். பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் கேரல்டனைச் சேர்ந்தவர். டேனியல் கேரல் என்பவர் வேறு.

மொழிபெயர்ப்பில் விழும் குழி

கான்டினென்டல் காங்கிரஸின் தலைவரை "அதிபர்" அல்லது "ஜனாதிபதி" என்று எழுதாதீர்கள். ஆங்கிலச் சொல் ஒன்றாக இருக்கலாம், வேலை வேறு. கூட்டத்தை நடத்துவதும் கடிதங்களில் கையெழுத்திடுவதும் அவருடைய பணி, நிர்வாக அதிகாரம் அவரிடம் இல்லை. "காங்கிரஸ் தலைவர்" என்று மொட்டையாக எழுதினால் நம் வாசகருக்குக் கட்சித் தலைவர் நினைவுக்கு வருவார். "காங்கிரஸ் சபையின் அவைத்தலைவர்" என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அங்கே மேலவை கீழவை என்ற பிரிவு கிடையாது என்பதால் "செனட்டர்" என்ற சொல்லும் பொருந்தாது. 1774 முதல் 1789 வரை செயலாளராக இருந்த சார்லஸ் தாம்சன் உறுப்பினரே அல்லர். அவரை எந்த மாநிலத்தின் கீழும் சேர்க்கக் கூடாது.

"அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜான் ஹான்சன், அவர் ஒரு கறுப்பினத்தவர்" என்று புகைப்படத்தோடு வலம் வரும் செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். ஹான்சன் மேரிலாந்தின் பிரதிநிதி, வெள்ளையர், 1781 நவம்பர் முதல் ஓராண்டு அவைத்தலைவர். கூட்டமைப்பு விதிகள் 1781 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் கனெக்டிகட்டின் சாமுவேல் ஹன்டிங்டன், அவருக்குப் பின் மெக்கீன், பிறகே ஹான்சன். அவர் 1783இல் இறந்துவிட்டார். புகைப்படக் கலை உலகுக்கு அறிமுகமானது 1839இல். படத்தில் இருப்பவர் அதே பெயர் கொண்ட லைபீரிய நாட்டு செனட்டர். தன் சொந்த வரலாறு உள்ள ஒரு மனிதர். இந்தப் பொய் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் அழிக்கிறது என்பதால் இதைப் பகிர்பவர்களிடம் நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் எல்லாம் சபைக்கு வந்தவர் என்று எண்ணுவதும் பிழை. சம்பளம் தர வேண்டியது மாநிலம், பயணம் நீண்டது, பலர் வரவே இல்லை. கூட்டமைப்பு விதிகளின்படி இரண்டு பேருக்குக் குறைவாக வந்தால் அந்த மாநிலத்துக்கு வாக்கு இல்லை. பிரிட்டனோடு செய்த சமாதான உடன்படிக்கையை ஏற்க ஒன்பது மாநிலங்கள் தேவைப்பட்டன. 1783 டிசம்பரில் அனாபொலிஸில் அத்தனை மாநிலங்கள் கூடவில்லை. உடல்நலமில்லாமல் இருந்த தென் கரோலினாவின் ரிச்சர்ட் பெரஸ்போர்ட் வந்து சேர்ந்த பிறகு, 1784 ஜனவரி 14 அன்று ஒப்புதல் நிறைவேறியது.

1789இல் தொடங்கிய புதிய காங்கிரஸுக்கு வந்தால் இன்னொரு பழக்கம் காலை வாருகிறது: இன்றைய வரைபடத்தை அன்றைக்குப் போர்த்துவது. வாஷிங்டன் பதவியேற்ற 1789 ஏப்ரல் 30 அன்று ஒன்றியத்தில் இருந்தவை பதினொரு மாநிலங்கள். வட கரோலினா 1789 நவம்பரிலும் ரோட் ஐலண்ட் 1790 மேயிலும்தான் அரசியலமைப்பை ஏற்றன. 65 என்ற பிரதிநிதிகள் சபை எண்ணிக்கை இவ்விரண்டும் வந்த பின்புதான் நிறைகிறது. கென்டக்கிப் பகுதியின் ஜான் பிரவுன் அப்போது வர்ஜீனியாவின் உறுப்பினர். மெயின் பகுதியின் ஜார்ஜ் தாச்சர் மாசசூசெட்ஸின் உறுப்பினர். வெர்மான்ட் சேர்ந்தது 1791 மார்ச் 4. இந்தப் புதிய ஏற்பாட்டின் முதல் காங்கிரஸின் காலம் முடிந்தது அதற்கு முந்தைய நாள். ஆகவே அந்தக் காங்கிரஸில் வெர்மான்ட் உறுப்பினர் என்று யாருமே இல்லை.

தந்தை மகன் பெயர்களை ஒன்றாக்கும் தவறு தென் கரோலினாவில் அடிக்கடி நடக்கிறது. 1774இன் முதல் கான்டினென்டல் காங்கிரஸின் கடைசி நாட்களில் தலைமை வகித்தவர் ஹென்றி மிடில்டன். பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் அவருடைய மகன் ஆர்தர். தாமஸ் லிஞ்ச் என்ற பெயரில் இருவர். தந்தைக்கு 1776இல் பக்கவாதம் வந்ததால், அதே பெயர் கொண்ட மகனையும் மாநிலம் பிரதிநிதியாக அனுப்பியது. கையெழுத்திட்டவர் மகன். தந்தை குணமாகி வந்து கையெழுத்திடுவார் என்று எட்வர்ட் ரட்லெஜின் பெயருக்கும் தாமஸ் ஹேவர்டின் பெயருக்கும் நடுவே இடம் விட்டு வைத்தார்கள். அவர் அந்த டிசம்பரில் ஊர் திரும்பும் வழியில் இறந்துபோனார். ஏட்டில் அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.