தூரத்து உணரிக்குத் தனிமைப்படுத்திய விரியலாக்கி: சுற்றைச் சரிபார்க்கும் முறை

தம்பலகாமத்தில் வயல் கிணற்றுக்குள் ஒரு நீர்மட்ட உணரி. 4–20 மில்லி அம்பியர் வகை, அதாவது நீர்மட்டத்தை மின்னோட்டத்தின் அளவாக அனுப்புவது. 300 மீற்றர் தள்ளியிருக்கும் வீட்டில் அதை வாசிக்கும் ஓர் இஎஸ்பி32 (சிறு கணிப்பொறிச் சில்லு). இடையில் ஏஎம்சி1311 என்ற தனிமைப்படுத்திய விரியலாக்கி: இரு பக்கத்தையும் வயரால் இணைக்காமல் சமிக்ஞையை மட்டும் கடத்தும் சில்லு. இப்படியொரு வரைபடம் கைக்கு வந்தால், பாகங்கள் வாங்குவதற்கு முதல் கீழே உள்ளபடி பாருங்கள்.

கிணற்றடி மண்ணும் வீட்டு எர்த்தும் எப்போதும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. திருகோணமலையில் ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு அந்த வித்தியாசம் எகிறும். விரியலாக்கியின் வேலை அதை இஎஸ்பி32 பக்கம் வரவிடாமல் தடுப்பது.

படி 1: கோடு கீறுங்கள்

சிவப்புப் பேனாவால் ஏஎம்சி1311இன் நடுவாக மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. இடப்பக்கம் உணரி, வலப்பக்கம் இஎஸ்பி32. அந்தக் கோட்டைத் தாண்டும் எந்த வயரும் பிழை.

சமிக்ஞை வழியில் பெரும்பாலும் பிழை இராது. கள்ளன் மின்வழங்கல் வழியாகத்தான் வருவான். உணரிக்கு 24 வோல்ற் கொடுக்கும் அதே அடாப்டரிலிருந்து, ஒரு பக் கொன்வேட்டர் (வோல்ற்றைக் குறைக்கும் சுற்று) மூலம் இஎஸ்பி32க்கும் 5 வோல்ற் எடுத்திருப்பார்கள். இரண்டு கிரவுண்டும் ஒன்றாகிவிட்டது. விரியலாக்கிக்குக் கொடுத்த காசு வீண்.

நான் இரண்டு அடாப்டர்களையே விரும்புவேன். 24 வோல்ற் அடாப்டர் உணரிக்கு. அதிலிருந்தே 78எல்05 என்ற 5 வோல்ற் சீராக்கி மூலம் விரியலாக்கியின் இடப்பக்கத்துக்கு 5 வோல்ற். இஎஸ்பி32க்குத் தனி சார்ஜர். வரைபடத்தில் பி0505எஸ் (கிரவுண்டுகளைச் சேர்க்காமல் 5 வோல்ற்றை மறுபக்கம் கொடுக்கும் சிறு மின்வழங்கி) இருந்தால், அது சீராக்கப்படாத வகை என்பதைக் கவனியுங்கள்: சுமை குறைந்தால் வெளியீடு 5 வோல்ற்றைத் தாண்டும். குறுக்கே 220 ஓம் தடையி ஒன்று போட்டால் அடங்கும்.

பொருத்திய பிறகு எல்லா இணைப்பையும் சுவரிலிருந்து கழற்றி, இரு கிரவுண்டுக்கும் இடையே மல்ரிமீற்றரில் தடையைப் பாருங்கள். திறந்த சுற்று என்று காட்ட வேண்டும்.

படி 2: எண்களைப் போட்டுப் பாருங்கள்

ஏஎம்சி1311 நேர்கோட்டில் வாசிப்பது 2 வோல்ற் வரைதான். உணரியின் மின்னோட்டத்தை வோல்ற்றாக மாற்ற அதன் வழியில் ஒரு தடையி வேண்டும். 100 ஓம் தடையி போட்டால் 20 மில்லி அம்பியரிலேயே 2 வோல்ற் முடிந்துவிடும். பல உணரிகள் பழுதைச் சொல்ல 21 மில்லி அம்பியர் அனுப்பும், அதற்கு இடமில்லை. 91 ஓம் போடுங்கள்: 20க்கு 1.82 வோல்ற், 21க்கு 1.91, 4க்கு 0.364. தடையி 0.1 சதவீதத் துல்லியமாக இருக்கட்டும்.

0.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிள் போக வர ஏறக்குறைய 21 ஓம். 20 மில்லி அம்பியரில் 0.42 வோல்ற் இழப்பு. சமிக்ஞை மின்னோட்டமாகப் போவதால் அளவீடு மாறாது. 24 வோல்ற்றில் மிஞ்சுவது உணரிக்குப் போதுமா என்று மட்டும் அதன் தரவுத்தாளில் பாருங்கள்.

படி 3: உள்ளீட்டுக் காவல்

தொடராக 10 கிலோ ஓம், பிறகு கிரவுண்டுக்கு 10 மைக்ரோ பரட் கொள்ளளவி. இது வேகமான இரைச்சலை வடிக்கும். வெட்டு மீடிறன் 1.6 ஹேட்ஸ்; 50 ஹேட்ஸ் இரைச்சல் முப்பதில் ஒரு பங்காகக் குறையும். கிணற்று நீர் அதைவிட வேகமாக ஏறாது.

இரண்டு வயர்களும் சேர்ந்து உயர்ந்தால் தனிமைப்படுத்தல் காக்கும். இரண்டுக்கும் இடையே வரும் மின்னெழுச்சியை அது காக்காது. கேபிள் நுழையும் இடத்தில் மின்னெழுச்சியை வெட்டிவிடும் டிவிஎஸ் இருவாயி கட்டாயம்.

படி 4: வெளியீடு

புதியவர்கள் விரியலாக்கியின் ஒற்றை வெளியீட்டுக் காலை மட்டும் இஎஸ்பி32க்குக் கொடுத்துவிடுவார்கள். வெளியீட்டுக் கால்கள் இரண்டும் 1.44 வோல்ற்றைச் சுற்றி எதிரெதிராக அசைபவை. வோல்ற்றை எண்ணாக்கி இஎஸ்பி32க்குக் கொடுக்கும் ஏடிஎஸ்1115 சில்லின் இரு உள்ளீடுகளுக்கும் கொடுத்து வித்தியாசத்தை வாசியுங்கள், வீச்சு ±2.048 வோல்ற்.

ஏஎம்சி1311இன் மூன்றாம் காலை இடப்பக்கக் கிரவுண்டில் கட்ட மறக்காதீர்கள். சும்மா விட்டால் சில்லு தூங்கிவிடும்.

படி 5: பலகை

ஏஎம்சி1311 சில்லின் அடியில் செப்பே கூடாது, எந்த அடுக்கிலும். கடற்காற்று உப்பு படியும். பற்றவைத்த பிளக்ஸைக் கழுவிய பிறகு பலகைக்குக் காப்புப் பூச்சு அடியுங்கள்.

கடைசியாக, நிரலில் இரண்டு எல்லைகள் வையுங்கள். 0.3 வோல்ற்றுக்குக் கீழே போனால் கேபிள் அறுந்திருக்கலாம். வாசிப்பு எதிர்மறை எல்லையில் ஒட்டிக்கொண்டால், இடப்பக்க 5 வோல்ற் இல்லை.