பிஎச்டியில் ஒரு மியூட்டேஷனை எப்போது நம்புவது?

நோய்களின் மரபியலில் பிஎச்டி சேர்ந்தால் முதல் வருடத்திலேயே, டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படித்துவைத்த ஒரு சீக்வென்சிங் கோப்பு கைக்கு வரும். அதில் நோயாளியிடம் மட்டும் இருக்கிற மாதிரி ஒரு மாற்றம் (மியூட்டேஷன்) கண்ணில் படும், இதுதான் நோய்க்குக் காரணம் என்று அன்று இரவு தூக்கம் வராது. சரி, சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடமும் சொல்லவேண்டாம்.

முதலில் நோயில்லாதவர்களிடம் அது எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பல நாட்டு மக்களின் மரபணு மாற்றங்களைத் தொகுத்துவைத்திருக்கும் நோமேட் (gnomAD) தரவுத்தளத்தைத் திறந்து மொத்த எண்ணிக்கையோடு மூடிவிடாமல், தெற்காசியர் வரிசைக்குப் போங்கள். உலக அளவில் அபூர்வமாகத் தெரிகிற ஒன்று நம்மவர்களிடம் சர்வசாதாரணமாக இருக்கலாம். தேடும்போது, ஒப்பிடப் பயன்படுத்தும் மனித ஜீனோமின் பதிப்பு (பில்டு) 37ஆ 38ஆ என்பதையும் கவனியுங்கள், ஒரே இடத்துக்கு இரண்டிலும் வேறு வேறு எண். நான் 37இல் எடுத்த எண்ணை 38இல் தேடிவிட்டு, "சார், இது யாரிடமுமே இல்லை" என்று கைடிடம் ஓடியிருக்கிறேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, "எந்த பில்டு?" என்று மட்டும் கேட்டார்.

இதற்கு நல்ல பாடம் எம்ஒய்பிபிசி3 ஜீன். இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான இந்த ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம், தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. (ஆர்என்ஏவில் நிலைத்து நிற்கும் துண்டு எக்ஸான், இடையில் வெட்டப்பட்டுப்போகும் துண்டு இன்ட்ரான்.) இன்ட்ரான் 32இல் ஏற்படும் இந்த இழப்பால் எக்ஸான் 33 ஆர்என்ஏவில் சேராமல் போகிறது என்றும், இதயத் தசை நோய்களோடு இதற்குத் தொடர்பு உண்டு என்றும் 2009இல் நேச்சர் ஜெனிட்டிக்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் நூற்றுக்கு நாலு பேர் என்றால், அவர்களில் பெரும்பாலோர் நன்றாகத்தானே நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்? 2020இல் வந்த மறுஆய்வு, இதயச் சுவர் தடிக்கும் நோயைப் பொறுத்தவரை ஆபத்து அந்த 25 எழுத்தால் இல்லை, அதைச் சுமப்பவர்களில் சிலரிடம் மட்டும் அதே ஜீனில் கூடவே ஒட்டிவருகிற இன்னொரு மாற்றத்தால் என்று காட்டியது. ஆகவே உங்கள் மாற்றத்தைக் கண்டுபிடித்ததும் அக்கம்பக்கத்தையும் பாருங்கள், இன்ட்ரான்களுக்குள்ளேயும்.

அப்புறம் சாம்பிள். நெறிமுறைக் குழு அனுமதியும் நோயாளியின் கையெழுத்தும் இல்லாமல் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கக்கூடாது, அதில் பேச்சே இல்லை. ரத்தம், உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ போட்ட ஊதா மூடிக் குழாயில் வரவேண்டும். ஒருமுறை ஒரு மருத்துவமனையிலிருந்து எங்களுக்குப் பச்சை மூடியில், அதாவது ஹெப்பாரினில், வந்துவிட்டது. டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆரை ஹெப்பாரின் முடக்கிவிடும் என்று தெரியாமல் இரண்டு வாரம் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் பிரைமரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த 25 எழுத்து வித்தியாசத்தை பிசிஆர் நகல்களை நீளவாரியாகப் பிரிக்கும் 3 சதவீத அகரோஸ் ஜெல்லிலேயே பார்த்துவிடலாம். ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இழப்பு இருப்பவருக்கு இரண்டு பேண்டு (கோடு) விழவேண்டும், பல நேரம் அவற்றுக்கு மேலே மங்கலாக மூன்றாவது ஒன்றும் விழும். பயப்படாதீர்கள். பிசிஆர் முடிந்து குளிரும்போது முழு இழை ஒன்றும் குட்டை இழை ஒன்றும் ஜோடி சேர்ந்துவிடுகின்றன, ஜோடி கிடைக்காத பகுதி புடைத்துக்கொண்டு நிற்பதால் அது ஜெல்லில் மெதுவாக நகர்கிறது. ஆனால் டிஎன்ஏவுக்குப் பதில் வெறும் தண்ணீர் வைத்த குழியில் பேண்டு தெரிந்தால் கண்டிப்பாகப் பயப்படுங்கள், அன்றைய வேலை முழுக்கக் குப்பைக்குத்தான்.

இன்ட்ரானை வெட்டி எக்ஸான்களை ஒட்டும் ஸ்ப்ளைசிங் கெடுகிறது என்று சந்தேகமா? மினிஜீன் செய்யுங்கள்: அந்த எக்ஸானையும் இரண்டு பக்கத்து இன்ட்ரானையும் பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவில் ஏற்றி, சரியானது ஒன்று, மாறியது ஒன்று என லேபில் வளர்க்கும் எச்ஈகே293 மனித செல்களுக்குள் விட்டு, ஆர்என்ஏ எடுத்து ஒப்பிடுங்கள். மூன்று தடவையாவது, வேறு வேறு நாளில். செல்களில் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா தொற்றியிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், பக்கத்து லேபிலிருந்து வாங்கிவந்த செல் என்றால் இன்னும் கட்டாயம்.

இவ்வளவும் லேபுக்குள். குடும்பத்துக்குள் அந்த மாற்றம் நோயோடு சேர்ந்து போகிறதா என்பது தனி வேலை, அதற்கு வம்சாவளி வரைபடத்தை நீங்களே உட்கார்ந்து வரையவேண்டும். மருத்துவமனைப் படிவத்தில் "உறவுத் திருமணம்: இல்லை" என்று டிக் அடித்திருக்கும், அதை நம்பவேண்டாம். "கல்யாணம் சொந்தத்துலயா?" என்று கேட்டால் அப்பா இல்லை என்பார், அம்மா யோசிப்பார். ஒரு வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டிதான், "சொந்தமெல்லாம் இல்லப்பா, இவ என் தம்பி மவதான்" என்றார். மருமகளைத்தான் சொன்னார். கணவன் மனைவிக்கு நடுவே ஒற்றைக் கோடு போட்டிருந்ததை அழித்து, உறவுத் திருமணத்தைக் குறிக்கும் இரட்டைக் கோடாக்கினேன், குழந்தைக்கு இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கலாம் என்று தேட வேண்டிய பட்டியலே மாறிவிட்டது. வரைபடத்தைப் பென்சிலில் வரையுங்கள்.