"அவர் பார்த்திருப்பார்": பேக்கேஜ் வேலையைப் பிரிப்பதில் நேரும் தவறுகள்

லினக்ஸ் பேக்கேஜில், அதாவது நிறுவத் தயாராகக் கட்டித் தரும் மென்பொருளில், பிழை நழுவுவது திறமைக் குறைவால் மட்டும் அல்ல. பேக்கேஜைக் கட்டித் தரும் பராமரிப்பாளர், அதை ஓட்டிப் பார்க்கும் சோதனையாளரை நம்புகிறார், சோதனையாளர் பராமரிப்பாளரை நம்புகிறார்; நடுவில் ஒருவருமே பார்க்காத இடம் ஒன்று விழுகிறது.

படித்துக் கண்டுபிடிக்க வேண்டியதை ஓட்டிப் பார்த்துப் பிடித்துவிடலாம் என்று விடுவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 2006-ல், நினைவக எச்சரிக்கை ஒன்றை நீக்குவதற்காக, குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஒரு சிறு திருத்தம் செய்தார்கள். அதோடு, இரகசியச் சாவிகளை உருவாக்கும் தற்போக்கு (ரேண்டம்) எண்களின் விதையாக, அதாவது தொடக்க மதிப்பாக, நடைமுறையில் மிஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி தரும் ப்ராசஸ் எண் மட்டுமே. ஒரே வகைக் கணினியில், ஒரே வகை, ஒரே நீளச் சாவிக்கு 32,768 வாய்ப்புகள்தான். 2008 மே மாதம்தான் அது வெளியே வந்தது. சாவி உருவானது, லாகின் ஆனது. யார் ஓட்டிப் பார்த்திருந்தாலும் "சரி" என்றே சொல்லியிருப்பார்கள். மூலநிரலில் கை வைத்தால், அதன் உள் விவரம் அறிந்த இன்னொருவரைப் படிக்க வைப்பது பராமரிப்பாளர் பொறுப்பு. அதைச் சோதனையாளர் தலையில் கட்டக் கூடாது.

சோதனையாளர் பக்கம் வருவோம். பெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் ஒரு அப்டேட் போதி என்ற தளம் வழியாகச் சோதனைக்கு வரும். பயன்படுத்திப் பார்த்தவர்கள் சரியாக இருந்தால் +1, இல்லையென்றால் -1 போடுவார்கள். "இன்ஸ்டால் ஆனது, +1" என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. பிரிண்டர் மென்பொருள் என்றால் இப்படி எழுதலாம்: "யுஎஸ்பி பிரிண்டரில் இருபக்கமும் பத்துப் பக்கம் அச்சிட்டேன், சரியாக வந்தது. வைஃபை பிரிண்டர் என்னிடம் இல்லை." அந்தக் கடைசி வாக்கியம் தங்கம். பார்க்காதது எது என்று தெரிந்தால்தான் அதைப் பார்க்க வேறு ஆளைத் தேட முடியும். இதற்குப் பராமரிப்பாளரும் வழி செய்ய வேண்டும். "புதிய பதிப்பு" என்று மட்டும் எழுதி அனுப்பினால் எதைச் சோதிப்பது? என்ன மாறியது, எது உடையலாம் என்று இரண்டு வரி போதும்.

சின்ன சந்தேகத்தை "இது என் வேலை இல்லை" என்று ஒதுக்குவதும் ஆபத்து. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவினார். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்து வைத்திருந்த பின்கதவு (இரகசிய நுழைவழி) அப்படித்தான் அகப்பட்டது. அவர் அந்தப் பேக்கேஜின் பராமரிப்பாளரும் அல்ல, சோதனையாளரும் அல்ல.

பிழையை மூடுவதிலும் கவனம் வேண்டும். டெபியனில் சேஞ்ச்லாகில் (மாற்றக் குறிப்பில்) "Closes:" என்று போட்டுப் பிழை எண்ணைக் குறித்தால், பதிவேற்றம் ஏற்கப்பட்டதும் அந்தப் பிழை தானாக மூடிக்கொள்ளும். புகார் சொன்னவரின் கணினியில் சரியாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. அவர் புதிய பதிப்பைப் போட்டுப் பார்த்து, இன்னும் உடைந்திருந்தால் பதிப்பு எண்ணோடு அதே பிழையை மறுபடி திறக்க வேண்டும். பராமரிப்பாளர் அதற்கு முகம் சுளிக்கக் கூடாது.